மாத்திரை போடுற மனுசன்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் அம்மா. எனக்குக் காற்று வேண்டாம், இந்த ஓரம் போதும். எனக்கு முன்பக்கம் தெரிய வேண்டும், முன்பக்கம் இருக்கிறவருக்கு நான் தெரியக் கூடாது. அதனால்தான் இந்த வெயிலிலும் முக்காடு. தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். யாரையும் ஏமாற்றிவிட்டு ஓடுகிறவள் இல்லை நான்.

டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, நீலச் சட்டை, உச்சியில் வழுக்கை. தெரிகிறதா? அவர்தான் என் வீட்டுக்காரர். ஒரே வீடு, ஒரே பஸ். அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில் ஏறினேன். நான் வருவது அவருக்குத் தெரியாது. சண்டையா என்று கேட்கிறீர்களா? சண்டையாக இருந்தால் நாலு வார்த்தை பேசவாவது செய்வாரே. பேச்சே இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார், கையைக் கழுவுகிறார், போய்விடுகிறார். சுவருக்குச் சோறு போட்ட மாதிரி இருக்கிறது.

எல்லாம் ஒரு சினிமாவால் வந்தது. அந்தக் கருமத்தைச் சினிமா என்று சொல்லவே எனக்கு நாக்குக் கூசுகிறது. 'மல்லாக்கப் பயில்வான்' என்று பெயர். கேள்விப்பட்டதில்லையா? நல்லது. போன பிறவியில் புண்ணியம் செய்திருக்கிறீர்கள்.

எங்களுக்கு ஆத்தூரில் பந்தல் கடை. பந்தல், பாத்திரம், நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறோம். கல்யாணமோ சாவோ கட்சிக் கூட்டமோ, எங்கள் நாற்காலியில் உட்காராத ஆள் ஊரில் கிடையாது. இவர் பெயர் பொன்னுரங்கம். அதனால் ஒவ்வொரு நாற்காலி முதுகிலும் சிவப்பு பெயிண்டில் 'பொ.ர.' என்று எழுதியிருக்கும். எல்லா வாடகைக் கடையிலும் அப்படித்தான். எழுதாவிட்டால் நாம் இறக்கிய நாற்காலி அடுத்த கடைக்காரன் வண்டியில் ஏறிப் போய்விடும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் குடியைக் கெடுத்தது அந்த எழுத்துதான்.

போன ஆடி மாதம். கல்யாணம் இல்லாத மாதம், நாற்காலி எல்லாம் தூசு படிந்து கிடக்கும். அப்போதுதான் ஹரிவேலன் என்று ஒருத்தன் வந்தான். டைரக்டராம். தாடி வைத்திருந்தான். காலையில் தின்ற சட்னி மத்தியானம் வரைக்கும் அந்தத் தாடியிலேயே இருக்கும். எனக்கு அவனைப் பார்த்தாலே குமட்டும். குஸ்திப் படம் எடுக்கிறானாம். நம் ஊர்க் குஸ்தி இல்லை. டி.வி.யில் வருமே, கயிறு கட்டின மேடையில் ஜட்டியோடு ஒருத்தன் மேல் ஒருத்தன் விழுவானே, அது. அதை வைத்து ஒரு சிரிப்புப் படம். மேடைச் சாமான் வாடகைக்குக் கேட்டுத்தான் வந்தான். அந்த நேரம் பார்த்து இவர் கல்யாண மேடைப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு குடோனிலிருந்து வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மேலே துணி இல்லை. தொப்பையும் மீசையும்தான்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க! நீங்கதான்ணே என் ஹீரோ."

"ஹீரோவா? நானா?"

"பயில்வான்ணே. ஊர் ஊராப் போயி எல்லார்கிட்டயும் அடிவாங்கி மல்லாக்க விழுறவரு. கடைசில ஒரே ஒரு தடவை ஜெயிப்பீங்க. படமே அந்தக் கடைசிச் சண்டைதான்."

நான் உள்ளேயிருந்து, "அதெல்லாம் வேணாங்க, அவருக்கு பிரஷரு" என்று சத்தம் போட்டுச் சொன்னேன். இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கடைசில யாரை ஜெயிக்கணும்?" என்று கேட்டார்.

பேரன் எடுக்கிற வயசில் ஒரு மனுஷன் கேட்கிற கேள்வியா அம்மா இது?

எனக்கு அவரைத் தெரியாதா? வாயில்லாப் பூச்சி. தம்பிகளோடு பாகப்பிரிவினை பேசினபோது, இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் நான் பேசி முடித்துவிட்டேன். வார்டு தேர்தலில் நின்றபோது வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டது நான்தான். இவர் என் பின்னால் கும்பிட்டுக்கொண்டு வந்தார். தோற்றுப்போனார் என்று வையுங்கள், அது வேறு. கல்யாண வீட்டுக்காரர் கணக்கில் இழுத்தடித்தால் போய் நிற்கிறதும் நான்தான். நான் இல்லாவிட்டால் இவரை ஊர் எப்போதோ மென்று துப்பியிருக்கும். இப்படிப்பட்டவரைக் கொண்டுபோய்க் குஸ்தி மேடையில் ஏற்றினால் நான் சும்மா இருப்பேனா?

தினமும் சாப்பாட்டுக் கூடையோடு கூடவே போனேன். போய்ப் பார்த்தால் ஐயோ, அந்த அசிங்கத்தை என்னவென்று சொல்வேன்! மேடை எங்கள் பலகை. மேலே போட்டது ஏதோ விடுதி மூடினபோது வாங்கி வந்த பழைய மெத்தைகள். மூத்திர நாற்றம். இவர் அதில் முகம் புதைய விழ வேண்டும். ரத்தத்துக்கு பீட்ரூட் சாறும் சர்க்கரைப் பாகும். அதை என் வீட்டு மிக்ஸியில்தான் அரைத்தார்கள். வெயிலில் இவர் நெற்றியில் ஈ மொய்க்கும். அவன், "ஈ நல்லாருக்கு, விரட்டாதீங்கண்ணே" என்பான். ஜட்டியைக் கேளுங்கள். எங்கள் பழைய ஷாமியானாத் துணியைக் கிழித்து, ஜாக்கெட் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக. அந்தத் துணிக்குக் கீழே எத்தனை வீட்டுப் பிணம் கிடந்திருக்கும்! அது இவர் இடுப்பில். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவேன்.

இவருக்கு எதிராளி பிரவீன் என்று ஒரு பையன். எங்கள் ஊர் ஜிம்மில் மாஸ்டர். படத்தில் அவன் பெயர் 'இரும்பு யானை'. தோள் வரைக்கும் டோப்பா முடி, கண்ணைச் சுற்றி மை. நேரில் நல்ல பிள்ளை. என் எலுமிச்சை சோற்றை வாங்கித் தின்றுவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் ஊறுகாய்" என்பான். அவன்தான் எனக்கு இந்த ஏமாற்று வேலையைச் சொன்னான். ஒருத்தனை ஒருத்தன் தூக்கி எறிகிறார்களே, தூக்குகிறவனுக்கு அதில் பெரிய பலம் வேண்டாமாம். தூக்கப்படுகிறவன் அதே நேரத்தில் குதித்துக் கொடுக்க வேண்டுமாம். "நான் குதிச்சாத்தான்க்கா அண்ணன் என்னைத் தூக்கினதா ஆவும்" என்றான். அப்படியானால் எதற்கு இந்தப் பிழைப்பு? குதிக்கிறவனுக்குத் தெரியும், தூக்குகிறவனுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கத்துகிறார்கள். தூ!

ஆனால் இவர் அதைக் காதில் வாங்கவில்லை. காலையில் குடோனில் யாரும் இல்லாதபோது பிரியாணி அண்டாவில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பழகினார். நான் பார்த்துவிட்டு அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். பின்னே? இடுப்புப் பிடித்துக்கொண்டால் யார் எண்ணெய் தேய்ப்பது?

கொஞ்சம் குனியுங்கள். திரும்புகிறார்... இல்லை, தண்ணீர் பாட்டிலை எடுக்கிறார். சரி.

கடைசிச் சண்டை எடுக்கிற அன்றைக்குப் பிரியாணிப் பொட்டலம் தருவதாகச் சொல்லி ஊரையே கூட்டி உட்காரவைத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் நாற்காலி. நான் மேடைக்கு ஓரத்தில் மாத்திரை டப்பாவோடு நின்றேன். சண்டையில் என்னவென்றால், இரும்பு யானை ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து இவர் மண்டையில் அடிக்க வேண்டும், நாற்காலி நொறுங்க வேண்டும், இவர் அசையாமல் நின்று சிரித்துவிட்டு அவனைத் தூக்கி எறிய வேண்டும். அதற்கென்று அட்டையும் தெர்மாகோலும் வைத்து வெள்ளிச் சாயம் பூசி ஒரு நாற்காலி செய்திருந்தார்கள். எனக்கும் காட்டினார்கள். வெறும் முதுகு. எழுத்து இல்லை.

பிரவீன் நாற்காலியை ஓங்கினான். நான் அதன் முதுகைப் பார்த்தேன். சிவப்பாக 'பொ.ர.'

எங்கள் கடை இரும்பு நாற்காலி! கட்டைவிரல் சிக்கினால் நகம் பெயர்ந்துவிடும், அந்தக் கனம். பையன் மாற்றி எடுத்துவிட்டான்! அப்புறம் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக ஞாபகம் இல்லை. கயிற்றுக்குள் எப்படி நுழைந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் முடியைப் பிடித்து இழுத்தேன், டோப்பா கையோடு வந்துவிட்டது. தலைதான் வந்துவிட்டதோ என்று ஐயோ என்று கத்திக்கொண்டே அந்த டோப்பாவாலேயே அவனை அடித்தேன். அவன் மேடையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான், "அக்கா, அக்கா, அட்டைக்கா!" என்கிறான். யார் காதில் விழுகிறது? இவரைப் பிடித்து என் பக்கம் இழுத்து, முந்தானையால் அந்த பீட்ரூட்டைத் துடைத்துக்கொண்டு, ஊரையே பார்த்துக் கத்தினேன்.

"டேய், அவரு மாத்திரை போடுற மனுசன்டா!"

ஏன் அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறீர்கள்? என்ன, அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்ததா? அட கடவுளே. கள்ளக்குறிச்சி தாண்டினால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆமாம். அது நான்தான். முக்காடு போட்டும் என்ன பிரயோஜனம். சிரியுங்கள், சிரித்து முடித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

நாற்காலி அட்டைதான். ஊர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் எல்லாம் எழுத்து இருக்கிறது, இதில் மட்டும் இல்லாவிட்டால் படத்தில் பொய் என்று தெரிந்துவிடும் என்று இவரே காலையில் பெயிண்ட் எடுத்து எழுதியிருக்கிறார். யார் எழுதச் சொன்னது? ஒரு வார்த்தை என்னிடம் சொன்னால் என்ன? அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமலேயே வாசல்படியில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை ஜெயிக்க விட்டிருக்கலாமே, வளர்மதி" என்றார்.

"மண்டை உடைஞ்சிருந்தா?" என்றேன்.

எழுந்து உள்ளே போய்விட்டார். சொல்வதற்கு என்ன இருக்கிறது? நான் கேட்டது நியாயம்தானே.

மறுநாள் அந்தச் சண்டையைத் திரும்ப எடுத்தார்கள். நான் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிரவீன் அப்புறம் வந்து சொன்னான். "அக்கா, அண்ணன் என்னை நிஜமாவே தூக்கிட்டாருக்கா. நான் குதிக்கறதுக்கு முன்னாடியே காலு தரையில இல்ல. அப்படியே தலைக்கு மேல. நான் பயந்துட்டேன்." நல்லவேளை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

படம் வந்தது. இவர் தம்பிகள் குடும்பம், கடை ஆட்கள், தெருவில் பாதிப் பேர் எல்லோரையும் முதல் ஆட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். இந்த நீலச் சட்டை அதற்குத்தான் எடுத்தது. "கடைசி வரைக்கும் இருங்க, யாரும் நடுவுல எழுந்திரிக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தியேட்டர் தரையில் செருப்பு ஒட்டியது. பின்னால் எவனோ காலை நீட்டி என் கைப்பிடியில் வைத்தான். படமோ, சீ! ஒருத்தன் இன்னொருத்தன் முகத்தில் உட்கார்ந்து குசு விடுகிறான், அதற்கு மத்தளச் சத்தம். இவர் விழுகிறார், எழுகிறார், விழுகிறார். ஷாமியானா ஜட்டி. யாரும் சிரிக்கவில்லை. கொட்டாவிதான் விட்டார்கள்.

கடைசிச் சண்டை வந்தது. நாற்காலியை ஓங்கினான். எங்கிருந்தோ அரக்குச் சேலையில் ஒருத்தி பாய்ந்து வருகிறாள்.

அவன் கேமராவை நிறுத்தவே இல்லை அம்மா, அந்தப் பாவி. எல்லாவற்றையும் எடுத்திருக்கிறான். தியேட்டரே எழுந்து நின்று கத்தியது. விசில். பக்கத்து வீட்டு ருக்குமணி என் முதுகில் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். சேலை எடுப்பாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். நான் கத்தினேன், ஊர் திரும்பக் கத்தியது, படம் முடிந்து பாட்டுப் போட்டுவிட்டான்.

அவ்வளவுதான். இவர் தூக்கினது இல்லை. இவர் ஜெயித்தது இல்லவே இல்லை.

எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். இவர் எழுந்திருக்கவில்லை. கூட்டுகிறவள் துடைப்பத்தோடு வந்துவிட்டாள். "வாங்க போலாம்" என்றேன். "இல்ல, இன்னும் இருக்கு" என்றார் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு.

அப்புறம் கடை வாசலில் போகிறவன் எல்லாம், "என்னண்ணே, மாத்திரை போட்டாச்சா?" என்கிறான். தம்பி பெண்டாட்டி சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, "மாமாவுக்குத் தண்ணி குடுங்க, மாத்திரை போடணும்ல" என்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் நாற்காலி இறக்கும்போது, "பாத்து இறக்குப்பா, வீட்டம்மா வந்துடப் போவுது" என்றான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இவர் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் நாற்காலி இறக்கப் போவதே இல்லை. கடைக்குள் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தத் தாடிக்காரனுக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "அக்கா, ரெண்டரை மணி நேரப் படத்துல ஜனங்க சிரிச்ச ஒரே இடம் உங்க இடந்தான்" என்கிறான். வெட்கங்கெட்டவன். அந்தப் படத்தை நான் அப்புறமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். ஆசைக்கு இல்லை. எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்க்கத்தான்.

நேற்று பிரவீன் போன் செய்தான். படத்தை டி.வி.க்கு விற்கப் போகிறார்களாம். அதற்காக மறுபடி வெட்டி ஒட்டுகிறார்களாம்.

"அண்ணன் நாளைக்குத் தனியா மெட்ராஸ் போறாருக்கா. டைரக்டர நேர்ல பாத்து, நான் தூக்கினதைப் போடுன்னு கேக்கப் போறாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. நான் ஏன் சொல்றேன்னா, நீங்க அண்ணனைக் காணோம்னு தேடிக் கெளம்பிடக் கூடாதுன்னுதான். நீங்க ஒண்ணும் செய்யாம இருங்கக்கா. அது போதும்."

ஒன்றும் செய்யாமல் நிற்க நான் என்ன பந்தல் காலா?

இவர் போய் என்ன பேசுவார்? தொண்டையைச் செருமுவார். அதற்குள் அந்தத் தாடிக்காரன் டீ வாங்கிக் கொடுத்து, "பாக்கலாம்ணே" என்று அனுப்பிவிடுவான். அதனால் இவர் உள்ளே போகட்டும், பின்னாலேயே நானும் போய்ப் பேசி, என் முகத்தை வெட்டி எறிந்துவிட்டு இவர் தூக்கினதைப் போட வைத்துவிட்டுத்தான் மறு வேலை. முடித்துக் கொடுத்தால் என்னோடு பேசுவாரா மாட்டாரா? அதுவுமில்லாமல், மாத்திரை டப்பாவை பிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். இதோ, என் பையில் இருக்கிறது. வேண்டுமென்றா வைத்துவிட்டு வருவார்? மறதி. நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது?

என்ன, பஸ்ஸை ஓரங்கட்டுகிறான்? டீக்கு நிறுத்துகிறானா. இந்த ஓட்டல் நாற்றம் பஸ்ஸுக்குள்ளேயே வருகிறது பாருங்கள், கக்கூஸும் வடைச் சட்டியும் ஒரே சுவர். இறங்குகிறார். நீங்கள் சாய்ந்து உட்காருங்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன். டீ வாங்குகிறார். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

யார் அந்த இரண்டு பேர்? நம் பஸ்ஸில் வந்தவர்கள்தான். போனை நீட்டி அவரிடம் காட்டுகிறார்கள். ஐயோ. இங்கேயுமா? "நீங்கதானே அது" என்று கேட்கிறான், வாய் அசைவிலேயே தெரிகிறது. இவர் அதைப் பார்க்கிறார். தலையை ஆட்டுகிறார். சிரிக்கிறாரா? இல்லை, அது சிரிப்பில்லை. நான் இத்தனை வருஷம் அந்த முகத்தோடு குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா?

சட்டைப் பையில் கையை விடுகிறார். நெஞ்சைப் பிடிக்கிறாரோ? எதையோ எடுத்தார். பளபளவென்று இருக்கிறது. அதைத் தூக்கி அவர்களுக்குக் காட்டுகிறார். மாத்திரை அட்டை மாதிரி இருக்கிறதா? இருக்காது அம்மா, மாத்திரைதான் என் பையில் இருக்கிறதே. பாக்குப் பொட்டலமாக இருக்கும். பிய்த்து வாயில் போட்டு டீயைக் குடிக்கிறார். அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒருத்தன் தோளில் கை போடுகிறான். என்ன தைரியம் அவனுக்கு! இவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கையையும் மடக்கித் தோளுக்கு மேலே தூக்குகிறார். பல்லைக் கடிக்கிறார். அடிக்கப் போகிறார். ஐயோ, இரண்டு பேர் அவர்கள், இவர் ஒருத்தர். இப்போது அவனைத் தூக்க வேறு குனிகிறாரே, இடுப்பு!

இந்தப் பையைக் கொஞ்சம் பிடியுங்கள்.

என்ன அம்மா நீங்கள்? போட்டோவா? யார் போட்டோ எடுக்கிறது? அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஏன் என் முந்தானையைப் பிடிக்கிறீர்கள்? விடுங்கள். சொன்னால் கேளுங்கள், விடுங்கள் அம்மா. அவரு மாத்திரை போடுற மனுசன்.